ரங்கூனில் இணையத்தை நம்ப முடிவதில்லை. வீட்டில் விண்டோஸ், வகுப்பில் உபுண்டு, கையில் ஆண்ட்ராய்டு. பைத்தான், சி, பெர்ல் கையேடுகளை எந்த வடிவில் இறக்கி வைப்பது?

கணினிக்கு ஹெச்டிஎம்எல் தொகுப்பு, போனுக்கு ஈபப் (மின்னூல் வடிவம்). பைத்தானின் ஆவணத் தளத்தில் பதிவிறக்கப் பக்கத்தில் இரண்டுமே கிடைக்கும். லைன் நன்றாக இருக்கும் ஒரு நேரம் பார்த்து இரண்டையும் சேர்த்தே இறக்கிவிடுங்கள்.

ஹெச்டிஎம்எல் தொகுப்பு ஜிப் கோப்பாக வரும். அதை விண்டோஸில் இரட்டைக் கிளிக் செய்து, உள்ளே இருக்கும் முதல் பக்கத்தை அப்படியே திறக்காதீர்கள். அந்த ஒரு கோப்பு மட்டும்தான் தற்காலிக இடத்தில் பிரியும். பக்கம் அலங்கோலமாக வரும், எந்த இணைப்பும் வேலை செய்யாது. முழுவதையும் பிரித்த பிறகு திறந்தால் தேடல் பெட்டிகூட இணையம் இல்லாமல் இயங்கும். உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் (தனி வளையத்துக்குள் இயங்கும் பொதி) வடிவில் இருந்தால் டிஎம்பி என்ற தற்காலிகக் கோப்புறையில் பிரிக்க வேண்டாம். ஸ்னாப்புக்குத் தனி டிஎம்பி உண்டு, உங்களுடையது அதன் கண்ணில் படாது. வீட்டுக் கோப்புறையில் வையுங்கள்.

போனில் ஹெச்டிஎம்எல் ஏன் சரிப்படாது? கோப்பு மேலாளர் குரோமுக்கு அந்த ஒரு கோப்பை மட்டும் கொடுக்கிறது, அதே கோப்புறையில் இருக்கும் மற்றவை போய்ச் சேருவதில்லை. ஈபப் ஒரே கோப்பு என்பதால் இந்தத் தொல்லை இல்லை. பிடிஎஃப் சின்னத் திரையில் கண்ணுக்கு வேதனை, அச்செடுக்கத்தான் லாயக்கு.

பழைய சிஹெச்எம் கோப்பு (விண்டோஸின் பழைய உதவிக் கோப்பு வடிவம்) யாராவது கொடுத்தால், இடப்பக்கம் தலைப்புகள் வரும், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் குறி வைத்திருப்பதே காரணம். கோப்பின் பண்புகளில் தடையை நீக்கும் கட்டத்தை டிக் செய்தால் திறக்கும். பைத்தானே 3.11 முதல் விண்டோஸ் நிறுவியில் இந்த வடிவத்தைக் கைவிட்டுவிட்டது. நீங்களும் விட்டுவிடலாம்.

சி மொழிக்கு க்னூ சி நூலகக் கையேட்டை, க்னூ தளத்திலிருந்து பல பக்க ஹெச்டிஎம்எல்லாக எடுங்கள். அது டார் ஜீஇசட் என்ற சுருக்கிய கோப்பு. விண்டோஸ் 10-இல் 2018 முதல் டார் கட்டளை உள்ளேயே இருப்பதால் வேறு மென்பொருள் வேண்டாம். டெபியனில் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்) ஜிசிசி என்ற சி கம்பைலரின் கையேட்டை நிறுவப் போய் ‘அப்படி ஒரு பொதி இல்லை’ என்று வந்தால் திகைக்க வேண்டாம். மாற்றக் கூடாத பகுதிகள் கொண்ட க்னூ ஆவண உரிமத்தை டெபியன் கட்டற்றதாக ஏற்பதில்லை. அதனால் அது நான்-ஃப்ரீ பிரிவில் கிடக்கிறது. உபுண்டுவில் அதற்கு நிகரான பிரிவு மல்டிவெர்ஸ். அந்தப் பிரிவை இயக்கிவிட்டுத் தேடுங்கள். (இலவசக் கையேடு ‘கட்டற்றதல்ல’ பட்டியலில் இருப்பது வேடிக்கைதான்.)

பெர்லுக்கு விண்டோஸில் ஸ்ட்ராபெரி பெர்ல் போட்டால், கையேட்டைக் காட்டும் பெர்ல்டாக் கட்டளை கூடவே வரும். உபுண்டுவில் பெர்ல்-டாக் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். லினக்ஸிலுள்ள மேன் பக்கங்களை (கட்டளைக் கையேடுகள்) பென் டிரைவில் நகலெடுத்து வர நினைத்தால் பாதியில் நின்றுவிடும். பெர்ல் தொகுதிகளின் கோப்புப் பெயர்களில் இரட்டை முக்காற்புள்ளி (::) இருக்கிறது. விண்டோஸும், பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வடிவங்களும் அந்தக் குறியை ஏற்காது. டார் செய்து ஒரே கோப்பாகக் கொண்டு வரலாம், ஆனால் விண்டோஸில் பிரிக்கும்போது அந்தப் பெயர்கள் அப்படியே வராது.

பர்மிய மொழியில் 2019-க்கு முன் வந்த இலவசப் பிடிஎஃப்கள் பல ஸாஜி எழுத்துருவில் (யூனிகோட் முறைக்கு ஒத்துவராத பழைய பர்மிய எழுத்துரு) உள்ளவை. யூனிகோட் விசைப்பலகையில் தட்டித் தேடினால் ஒன்றும் அகப்படாது. பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

வகுப்பில் பத்துப் பேருக்கும் தனித்தனியாக நகலெடுப்பதைவிட ஒரு லேப்டாப்பிலிருந்து கொடுப்பது சுலபம். கையேடு இருக்கும் கோப்புறையில் டெர்மினலைத் திறந்து பைத்தானின் ஹெச்டிடிபி சர்வர் தொகுதியை (அந்தக் கோப்புறையை மற்றவர்களின் பிரவுசருக்குக் கொடுப்பது) ஓடவிடுங்கள். ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு எல்லோரும் அதில் சேர்ந்து, லேப்டாப்பின் ஐபி முகவரியோடு 8000 என்ற போர்ட்டைச் சேர்த்து பிரவுசரில் அடித்தால் போதும். கையேட்டைப் பார்ப்பதற்கு டேட்டா செலவாகாது, கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும்வரை ஓடும். விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும்போது பொது நெட்வொர்க்குக்கும் அனுமதி கொடுங்கள், ஏனென்றால் ஹாட்ஸ்பாட்டை அது பெரும்பாலும் பொது நெட்வொர்க்காகவே எடுத்துக்கொள்ளும். வகுப்பு முடிந்ததும் சர்வரை நிறுத்திவிடுங்கள்.