மாட்டுக்குப் போடும் வலி ஊசி, பாறுக் கழுகுகளை எப்படிக் கொல்கிறது?

கழுகு ஊசியை நேரடியாகப் பெறுவதில்லையே என்ற உங்கள் ஐயம் நியாயமானது. அந்த மருந்து கழுகை அடைவது இறந்த மாட்டின் வழியாகத்தான். டைக்லோஃபெனாக் என்ற வலி மருந்து செலுத்தப்பட்ட மாடு ஓரிரு நாட்களுக்குள் இறந்துவிட்டால், அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும் மருந்து, சடலத்தை உண்ணும் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. வெளியேற வழியின்றித் தேங்கும் யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெண்படிவமாகப் படிய, பறவை சில நாட்களில் இறந்துபோகிறது. இக்காரணம் 2004இல் உறுதியானபோது, இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்துவிட்டது.

நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இத்தகைய வீழ்ச்சிக்குப் போதும். ஏனெனில் ஒரே சடலத்தில் பல பறவைகள் கூடி உண்கின்றன. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இனமாதலால் இழப்பை ஈடுசெய்யவும் முடிவதில்லை. என்னை மிகவும் வருத்துவது இந்தக் கணக்குதான்.

கால்நடைகளுக்கு டைக்லோஃபெனாக் பயன்படுத்துவது 2006இல் தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததால், 2015இல் அவற்றின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. 2023இல் கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் ஆகிய வலி மருந்துகளும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் என்ற மாற்று வலி மருந்து எளிதாகவே கிடைக்கிறது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளுக்காக, மாடு வளர்ப்போர் மருத்துவரிடம் அதையே கேட்டுப் பெற வேண்டும்.