கறுப்பு மணல் ஊரில் ரேடன் பயம்

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பி வீட்டின் நிலவறையில் ரேடன் வாயு 240 பெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருக்கிறதாம். நாங்கள் புல்மோட்டைப் பக்கம், கறுப்பு மணல் ஊர். பீடி குடிக்கும் அப்பாவுக்கு ஒரு மாதமாக இருமல். எங்கள் வீட்டையும் சோதிக்க வேண்டுமா டொக்டர்?

பதில்: தங்கச்சி, வீட்டை ஆறுதலாகச் சோதிக்கலாம், முதலில் அப்பாவின் சளியைச் சோதியுங்கள். ரேடன் இருமலையோ தலையிடியையோ தராது. அது தரக்கூடியது நுரையீரல் புற்றுநோய், அதுவும் பல வருஷம் மூச்சோடு உள்ளே போன பிறகு. இரண்டு கிழமை தாண்டிய இருமல் என்றால் காசநோயா என்று பார்த்தே ஆகவேண்டும், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்ப்பார்கள். காலையில் எழும்பியதும் வாயைக் கொப்பளித்துவிட்டு நெஞ்சுக்குள் இருந்து காறி எடுத்த சளி வேண்டும், எச்சில் சரிவராது. நெஞ்சு எக்ஸ்ரேயும் கேளுங்கள்.

சரி, ரேடன். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து வரும் கதிரியக்க வாயு, நிறமோ மணமோ இல்லை. கனடாவில் குளிருக்கு மாதக்கணக்கில் யன்னலைப் பூட்டி வைப்பதாலும் நிலத்துக்குக் கீழே அறை இருப்பதாலும் அது வீட்டுக்குள் தேங்கும். ஒரு கன மீற்றர் காற்றில் 200 பெக்கரெலைத் தாண்டினால் வீட்டைத் திருத்தச் சொல்கிறது அந்த நாடு, ஆகவே தம்பி திருத்தத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 100ஐத்தான் விரும்புகிறது.

முகட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓடும் நம் ஓட்டு வீடுகளில் அவ்வளவு தேங்காது. இராமுழுக்க ஏசி போட்டுப் பூட்டிய அறையும் வெடித்த நிலமும் வேறு கதை. வெடிப்பைச் சீமெந்தால் அடையுங்கள், காலையும் மாலையும் யன்னலைத் திறந்து விடுங்கள்.

உங்கள் ஊர் மணலில் இல்மனைட் என்ற கனிமத்தோடு மொனசைட் என்ற கனிமமும் கொஞ்சம் உண்டு, மொனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. தோரியத்திலிருந்து வருவது தோரன் என்ற இன்னொரு வாயு, ஒரு நிமிஷத்துக்குள் பாதி அழிந்துவிடும் என்பதால் வெளியே கிடக்கும் மணலில் இருந்து வரும் தோரனுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்த மணலையே அள்ளி வீட்டு நிலத்துக்கு நிரப்பியிருந்தால் சாதாரண ரேடன் கருவி மட்டும் போதாது, இலங்கை அணுசக்திச் சபையிடம் கேட்டுக் கதிர்வீச்சையும் அளக்க வேண்டும்.

கருவி கிடைத்தால் படுக்கையறையில் கதிரை உயரத்தில், யன்னலுக்கும் ஃபேனுக்கும் தள்ளி வையுங்கள், குசினியில் வேண்டாம். ரேடன் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும், இரண்டு நாள் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள், மூன்று மாதமாவது இருக்கட்டும், யன்னல் பூட்டிக் கிடக்கும் மாரி காலமும் அதற்குள் வந்தால் நல்லது.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: ரேடனால் புகைப்பவருக்கு வரும் ஆபத்து, புகைக்காதவருக்கு வருவதைவிட ஏறக்குறைய 25 மடங்கு. நான் உங்கள் வீட்டில் முதலில் நிறுத்தச் சொல்வது பீடியைத்தான். சளியில் இரத்தம் கண்டாலோ மெலிந்துகொண்டு போனாலோ கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.