அம்மாவுக்கு எந்த டேப் வாங்கலாம்? கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த கேள்வி

கோவையில் வேலை பார்க்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது, கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை பக்கம் தனியாக இருக்கிறார். கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, ஆனாலும் ஃபோனில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்கிறார். தம்பி குடும்பம் துபாயில். பேரனைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும், சீரியலும் பக்திப் பாட்டும் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. 20,000 ரூபாய்க்குள் எந்த டேப் வாங்கலாம்? தம்பி ஐபேட்தான் நல்லது என்கிறான். ஜிபே, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அதிலேயே போட்டுக் கொடுத்துவிடலாமா? பாலக்காட்டில் வாங்குவதா, பொள்ளாச்சியிலா?"

மாடல் பெயரை அப்புறம் பார்ப்போம். டேப்பில் ஏதாவது சிக்கிக்கொண்டால் அம்மா முதலில் யாரைக் கூப்பிடுவார்? நீங்கள்தான் என்றால், உங்கள் கையில் இருக்கும் ரகமே அம்மா கையிலும் இருக்க வேண்டும். நீங்கள் ஆண்ட்ராய்டு வைத்துக்கொண்டு, அம்மா ஐபேடைப் பிடித்தபடி "அந்தப் படம் காணோமே, எங்கே போச்சு?" என்று கேட்டால் உங்களால் ஃபோனிலேயே வழி சொல்ல முடியாது. ஐபேட் நல்ல பொருள், சந்தேகமே இல்லை. பெரிய பெரிய பொத்தான்களோடு திரையையே எளிமையாக்கும் அசிஸ்டிவ் ஆக்சஸ் என்ற வசதி 2023 முதல் அதில் இருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் வந்த சாதாரண ஐபேடின் ஆரம்ப விலையே 34,900 ரூபாய். உங்கள் பட்ஜெட்டுக்காகப் பழைய ஐபேடைத் தேடி வாங்க வேண்டாம், அதற்குச் சீக்கிரமே அப்டேட் நின்றுவிடும். ஆண்ட்ராய்டே போதும்.

அளவு என்று பார்த்தால் 11 அங்குலம். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் 11 அங்குலம், 480 கிராம். அதன் தம்பியான ஏ9 8.7 அங்குலம், 332 கிராம். கிட்டத்தட்ட அரை கிலோவை ஒரு மணி நேரம் கையில் பிடித்தால் வயதானவர்களுக்கு மணிக்கட்டு வலிக்கும், அதனால் நிறுத்தி வைக்கக்கூடிய கவரையும் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள். படுத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் உள்ளவர் என்றால் மட்டும் சின்னதை யோசிக்கலாம். கடைக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள், கண்ணாடியோடு. புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸ் பெரும்பாலும் தூரப் பார்வைக்கானது, கிட்டத்தில் படிக்கத் தனிக் கண்ணாடி வேண்டும், அந்தக் கண்ணாடியோ புத்தகத்தைக் கையில் பிடிக்கும் தூரத்துக்குப் போட்டது. மேஜையில் நிற்கும் டேப் அதைவிடத் தள்ளி இருக்கும். எந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரிகிறது என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.

நினைவகம் (ரேம்) 4 ஜிபி என்பது அடிமட்டம், 6 அல்லது 8 கிடைத்தால் விடாதீர்கள். சேமிப்பு 128 ஜிபி இருந்தால் நிம்மதி, ஏனென்றால் தினமும் வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் 64-ஐச் சீக்கிரம் நிரப்பிவிடும். ஏழெட்டாயிரத்துக்கு ஆன்லைனில் கிடைக்கும் பெயர் தெரியாத டேப்பை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டேப் மெதுவாக இருந்தால் நாம் கருவியைத் திட்டுவோம். நம் பெற்றோர் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்வார்கள். தொட்டது திறக்கவில்லை, மறுபடி தொடுகிறார், இரண்டு தரம் திறந்து வேறெங்கோ போய் நிற்கிறது, "எனக்கு இதெல்லாம் வராது கண்ணு" என்று எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறார். அப்படி வைத்த டேப்பை அவர் மறுபடி எடுப்பது அபூர்வம்.

சிம் போடுகிற மாடலா, வைஃபை மட்டுமா? வீட்டில் பிஎஸ்என்எல் ஃபைபரோ, கேரள அரசின் இணையச் சேவையான கேஃபோனோ இருந்தால் வைஃபை மாடல் போதும். இல்லையென்றால் சில ஆயிரம் கூடக் கொடுத்துச் சிம் மாடல் வாங்குங்கள். ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு டேப்பில் இணைக்கிற வேலையை 68 வயதில் தினமும் செய்ய மாட்டார். எல்லையோரத்து வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமெல்லாம் எந்த மாநில டவர் எப்போது பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் அம்மா வழக்கமாக உட்காரும் அறையில் போய் நின்று, எந்தக் கம்பெனி சிம்மில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிறது என்று சோதித்துவிட்டு அந்தச் சிம்மை வாங்குங்கள். வாசலில் நின்று பார்த்தால் போதாது.

இப்போது முக்கியமான விஷயம், துபாய். அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும், ஆனால் குரல் அழைப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. போட்டிம், ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் போன்ற அழைப்புச் செயலிகளுக்கு அனுமதி உண்டு. தம்பி எதில் பேசுவார் என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் டேப்பில் போட்டு, டேப்பை அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்பே துபாய்க்கு ஒரு தடவை பேசிப் பாருங்கள். பேரனைப் பார்க்கத்தான் இந்த டேப்பே, முதல் நாள் அதுவே வரவில்லை என்றால் அம்மாவுக்கு மனசு விட்டுப்போகும்.

வாட்ஸ்அப்பை டேப்பில் தனியாகப் பதிய வேண்டாம், ஃபோனில் உள்ளதோடு இணைக்கப்பட்ட கருவியாகச் சேர்த்தால் போதும். ஒரு கணக்கில் நான்கு கருவிகள் வரை சேர்க்கலாம். ஆனால் ஃபோனில் வாட்ஸ்அப்பை 14 நாள் திறக்காமலே இருந்தால் டேப்பில் இணைப்பு அறுந்துவிடும். டேப் வந்துவிட்டதே என்று அம்மா ஃபோனை ஓரங்கட்டினால் இப்படி ஆகும்.

ஜிபே வேண்டாம். வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அந்தக் கருவியிலேயே இருந்து, அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போனால்தான் யுபிஐ பதிவாகும், வைஃபை டேப்பில் அது நடக்காது. சிம் மாடலாக இருந்தாலும் என் கருத்து அதுதான்: பணம் ஃபோனிலேயே இருக்கட்டும். டேப்பில் பணமே இல்லை என்றால் அம்மா பயமில்லாமல் எதையும் தொட்டுப் பழகலாம், தப்பாக ஏதாவது அமுக்கினாலும் காசு போகாது.

மெனு மொழியைத் தமிழில் போடுவதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள். கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறைய. அவர் மலையாளத்தைத்தான் வேகமாகப் படிப்பார் என்றால் மெனு மலையாளத்தில் இருக்கட்டும். ஜிபோர்டு கீபோர்டில் தமிழ், மலையாளம் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். 2017-லிருந்தே கூகுளுக்குத் தமிழ்ப் பேச்சு புரிகிறது, அதனால் யூடியூபில் மைக்கைத் தொட்டு "முருகன் பாட்டு" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் டைப் செய்கிற தொல்லையே இல்லை.

டேப்பைப் பெட்டியோடு அப்படியே கொடுக்காதீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே உட்கார்ந்து தயார் செய்யுங்கள். முகப்புத் திரையில் ஐந்தாறு செயலிப் படங்கள் (ஐகான்கள்) மட்டும், பெரிதாக, இடம் மாறாமல். கீழே விரலால் இழுக்கிற முறையை எடுத்துவிட்டு மூன்று பொத்தான் முறைக்கு மாற்றுங்கள். எங்கே மாட்டிக்கொண்டாலும் நடுப் பொத்தானைத் தொட்டால் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்ற ஒரே தைரியம் பாதிப் பயத்தைப் போக்கிவிடும். எழுத்தளவையும் திரை அளவையும் கூட்டுங்கள். அக்சஸிபிலிட்டியில் 'டச் அண்ட் ஹோல்ட்' நேரத்தை நீளமாக வையுங்கள், இதைப் பலரும் கவனிப்பதில்லை. வயதானவர்கள் விரலை வைத்து நிதானமாக எடுப்பார்கள், கருவி அதை அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொண்டு செயலிப் படத்தையே இடம் மாற்றிவிடும். திரை தானாகச் சுழல்வதை நிறுத்துங்கள், திரை அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக்குங்கள், ஷாப்பிங், விளையாட்டு அறிவிப்புகளை மூடிவிடுங்கள். கூகுள் கணக்கை அம்மா பெயரில் புதிதாகத் தொடங்கி, மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுங்கள்.

சொல்லிக்கொடுக்கும்போது டேப் அவர் கையில்தான் இருக்க வேண்டும். "இங்கே கொடுங்கம்மா, நான் காட்டுறேன்" என்று வாங்கி நீங்கள் நாலு தட்டு தட்டினால் அவர் மனதில் எதுவும் நிற்காது. முதல் வாரம் பேரனைக் கூப்பிடுவது மட்டும், அடுத்த வாரம் பாட்டு.

எங்கே வாங்குவது? ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் 18 சதவீதம்தான். கேரளாவில் 1 சதவீத வெள்ள வரி இருந்தது உண்மை, அது 2021 ஜூலையோடு முடிந்துவிட்டது. பாலக்காட்டில் ஓணம் ஆஃபர், பொள்ளாச்சியில் தீபாவளி ஆஃபர், எது பக்கத்தில் வருகிறதோ அதைப் பாருங்கள். அதைவிட, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் கோவையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள், பழுதானால் தூக்கிக்கொண்டு போகப்போவது நீங்கள்தானே. வரிசை எண்ணோடு பில் கேட்டு வாங்குங்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் சாயங்காலம் இடி இடித்தால் சார்ஜர், ரூட்டர் இரண்டையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள்.

தூரத்திலிருந்து உதவ எனிடெஸ்க் மாதிரி செயலிகளை டேப்பில் போட்டு வைக்காதீர்கள். அதை வைத்து நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. கூகுள் மீட்டில் பேசும்போது அம்மா தன் திரையை உங்களுக்குக் காட்டலாம், அதுவே போதும், அதுவும் குடும்பத்துக்கு மட்டும். அம்மாவின் ஃபோனில் வாட்ஸ்அப் தனியுரிமை அமைப்புக்குப் போய், தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடி செய்துவிடுங்கள். போலீஸ் உடையில் ஒருவர் வீடியோவில் வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்றால் அது மோசடி, சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். சந்தேகமாக எது வந்தாலும் மூடிவிட்டு உங்களைக் கூப்பிடட்டும். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930. உங்கள் எண்ணையும் 1930-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி டேப் கவரின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.