சுமுத்திரையான நிறைகல்

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரி பக்கம் ஓர் இலை ஏஜென்டிடம் 4 வருடமாக வேலை செய்கிறேன். காலையில் வண்டியோடு போய் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை எடை போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்து, ஃபேக்டரியில் இறக்க வேண்டும். மூட்டைக்கு 2 கிலோ கழிக்கச் சொல்வார் முதலாளி. ஈரம், சாக்கு என்று காரணம். வெயில் காய்கிற நாளிலும் அதே 2 கிலோதான். நான் தினமும் வேதம் வாசிக்கிறேன். சபையில் வாலிபர் கூட்டத்தில் பேசுகிறேன். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுக்கும் தசமபாகம் தவறியதில்லை. போன மாதம் ஒரு பாட்டி சீட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. வேலையை விட்டுவிடவா? வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

ஜே.

அன்புள்ள தம்பி,

வார்த்தை வரவில்லை என்று பயப்பட வேண்டாம். அந்தப் பாட்டியின் முகம் ஜெபத்தில் குறுக்கே வருகிறது என்றால் வேதம் உங்களுக்குள் இறங்கியிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வேலையை விடவா என்கிறீர்கள். லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள், ஞானஸ்நானம் கொடுத்துவந்த தீர்க்கதரிசி யோவான்ஸ்நானனிடம் இதே மாதிரி ஒரு கேள்வியோடு வருகிறார்கள். வரி வசூலில் கூடுதலாகக் கறந்து சம்பாதித்தவர்கள் என்று ஊரே வெறுத்த ஆட்கள். வரிச் சாவடியை விட்டு எழுந்து வா என்று அவர் அவர்களுக்குச் சொல்லவில்லை. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்றார். அதே சாவடி, அதே கணக்கு, ஆனால் கை மட்டும் மாற வேண்டும். நீங்கள் விலகினால் அந்த இடத்துக்கு நாளைக்கே இன்னொருவர் வருவார். அவருக்குப் பாட்டியின் முகம் தெரியாமல் போகலாம்.

தராசைப் பற்றி வேதம் எவ்வளவு பேசுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகள் 11 தொடங்குகிறது. அந்தக் காலத்தில் எடைக்கு நிஜமாகவே கல்தான். அன்றைய எடை அளவான ஒரு சேக்கல் என்பது ஏறக்குறைய 11 கிராம். வியாபாரிகள் பையில் போட்டு எடுத்துப் போவார்கள். வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் என்று வைத்திருந்தவர்களும் உண்டு. அதனால்தான் உபாகமம் 25-இல், பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்கள் வேண்டாம் என்று தனியாகவே ஒரு கட்டளை. சரியான எடையைக் குறிக்கிற 'சுமுத்திரை' என்ற பழைய சொல்லுக்குள்ளே முத்திரை இருக்கிறது பாருங்கள். உங்கள் மின்னணுத் தராசுக்கும் தொழிலாளர் துறை வருடா வருடம் முத்திரை வைக்கிறது. தராசு சரியாகத்தான் காட்டுகிறது. எழுதும்போதுதான் 2 கிலோ போகிறது.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். சாயங்காலம் எடை போடும் இடத்தில் கூடையை இறக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன். அப்போது கொக்கியில் மாட்டுகிற தொங்கு தராசு. கணக்குப்பிள்ளை முள் ஆடி நிற்பதற்கு முன்பே கட்டைவிரலால் தட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டு எண்ணைச் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவரும் அவர்தான். நல்ல குரல். அம்மா அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். பக்கத்தைத் திருப்புகிற அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் வாசித்த ஒரு வசனம்கூட இன்று நினைவில் இல்லை, அந்த விரல் இருக்கிறது.

கையால் எடுத்தால் 2 கிலோ கொழுந்துக்கு அரை மணி நேரமாவது ஆகும். அட்டைக் கடி, முதுகு வலி எல்லாம் சேர்ந்த அரை மணி நேரம்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஐப்பசி மழையில் நனைந்த இலைக்குக் கழிவு போடுவது நியாயம்தான், தண்ணீருக்கு யாரும் காசு கொடுக்க முடியாது. ஆனால் எவ்வளவு ஈரம் என்று விவசாயிக்கு முன்னால் பார்த்துக் கழிக்க வேண்டும். சாக்கின் எடையும் அப்படியே, காலிச் சாக்கைத் தராசில் போட்டுக் காட்டுங்கள். பிறகு சீட்டில் மொத்த எடை, கழிவு, மீதி மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். இப்போது வெறும் மீதியை மட்டும் எழுதுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கழிவு எழுத்தில் இருந்தால் பாட்டி வாய்விட்டுக் கேட்கலாம், அவருடைய பேரன் கேட்கலாம். முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒளித்துச் செய்ய வேண்டாம். கோபப்படுவார். அதற்குத் தயாராகப் போங்கள், வீட்டிலும் முன்கூட்டிப் பேசிவிடுங்கள். வெயில் நாளிலும் கழித்தே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அந்த எண்ணை உங்கள் கையால் எழுதாதீர்கள். அப்போது வேலை போனால் போகட்டும் என்றுதான் சொல்வேன். பிள்ளைகளை நினைத்து, கனத்த மனதோடுதான் இதை எழுதுகிறேன்.

தசமபாகம் பற்றி ஒன்று. பலிபீடத்தண்டையில் காணிக்கை செலுத்த வந்து, சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. ஏமாற்றி எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பித் தர வேண்டும் என்பது லேவியராகமத்துச் சட்டம். சகேயு என்ற ஆயக்காரன் அதையும் தாண்டி நாலத்தனையாய், அதாவது நாலு மடங்காய்த் தருகிறேன் என்றான். உங்களால் எல்லாருக்கும் திருப்ப முடியாது, அந்தப் பணம் உங்கள் பையில் சேரவும் இல்லை. ஆனால் பாட்டியின் 2 கிலோவுக்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது வண்டியை நிறுத்தி இறங்குங்கள். பணத்தைக் கையில் கொடுத்து, அன்றைக்கு நான் குறைத்து எழுதினேன் பாட்டி என்று சொல்லுங்கள். அவர் திட்டினால் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். வேலை போனாலும் எழுதுங்கள், இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த நாலு பேரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா