உங்கள் மரபணுவில் 44 சொற்கள் தூங்குகின்றனவா?

“மரபணுக் குறியீட்டில் 64 சொற்கள் உண்டு, வேலை செய்வது 20 மட்டுமே, ஆதியிலிருந்து தூங்கும் 44-ஐயும் எழுப்பித் தருகிறேன் என்று ஒரு பயிற்சியாளர் பணம் கேட்கிறார். சேரலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சேராதீர்கள். மரபணுவில் ‘சொல்’ என்பது மூன்று எழுத்துகள் சேர்ந்த ஒரு குறிப்பு. அந்த 64-இல் ஒன்றுகூடத் தூங்கவில்லை. 61 சொற்கள் புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மீதி 3 ‘புரதம் இத்தோடு முடிந்தது’ என்பவை. 20 என்பது அமிலங்களின் கணக்கு. அதைச் சொற்களின் கணக்காக மாற்றிச் சொல்வதுதான் இவர்களின் முழு வித்தை.

ஒரே அமிலத்துக்கு எதற்குப் பல சொற்கள்? ஜிஜியு, ஜிஜிசி, ஜிஜிஏ, ஜிஜிஜி நான்குமே கிளைசின்தான். இவற்றில் கடைசி எழுத்து பிசகினாலும் புரதம் கெடாது. தொடக்கத்தில் எளிய அமிலங்கள் சிலவே புழங்கின, பிறகு வந்தவை பழையவற்றின் சொற்களைப் பங்கு போட்டுக்கொண்டன என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. கிளைசினும் அலனின் என்ற இன்னோர் எளிய அமிலமும் உயிர் இல்லாமலே உருவாகும். 1953-இல் வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர் வாயுக் கலவையில் மின்பொறி பாய்ச்சியபோதே இரண்டும் கிடைத்தன.

சரி, இப்போது மாற்ற முடியாதா? ஒரு சொல்லின் பொருள் மாறினால், அது வரும் ஆயிரக்கணக்கான புரதங்கள் ஒரே நேரத்தில் கெடும். அதனால்தான் டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1968-இல் இந்தக் குறியீட்டை ‘உறைந்துபோன தற்செயல்’ என்றார்.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவர்கள் கடைசியில் இதைத்தான் கையில் எடுப்பார்கள். யுஜிஏ என்றால் நிறுத்தம். ஆனால் நம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும், தனக்கெனச் சொந்த டிஎன்ஏ வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோபான் என்ற அமிலம். 1979-இலேயே தெரிந்துவிட்டது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் 13 புரதங்களுக்கே குறிப்பு இருப்பதால் அங்கே மாற்றத்தைத் தாங்க முடிந்தது. ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவிலும் இதே கதைதான். தலைமுறை தலைமுறையாக நடந்த பரிணாமம் இது, பத்து நாள் வகுப்பில் வருவதில்லை. ‘எல்லா உயிருக்கும் ஒரே குறியீடு’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்களிடம்தான் இந்த ஆட்களின் பிழைப்பு நடக்கிறது!

அப்புறம், ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு டிஎன்ஏ அறிக்கைகளைக் காட்டுவார்கள். அந்தச் சோதனை படிப்பது உங்கள் எழுத்துகளை. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற அட்டவணை அதில் வராது. முன்பணம் கட்டியிருந்தால் இன்றே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள்.