அப்டேட் சரிபார்ப்புக்கு எந்த நேரத்தைக் குறிப்பது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு கணினிகள் உள்ளன. அப்டேட் சரிபார்ப்பைக் காலை 9 மணிக்கு வைத்தால் இணையம் திணறுகிறது. இரவு 2 மணிக்கு வைத்தால், கணினிகள் அணைந்திருப்பதால் எதுவும் நடப்பதில்லை. எது சரியான நேரம்?

பதில்: உங்களுக்குத் தொல்லை தருவது சரிபார்ப்பு அன்று. புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று சர்வரிடம் கேட்பதற்கு மிகக் குறைந்த தரவே போதும். இணையத்தை அடைப்பது அதைத் தொடரும் பதிவிறக்கம். வேலையைக் கெடுப்பது மறுதொடக்கம். ஆகவே சரிபார்ப்பு நாள்தோறும் நடக்கட்டும். மற்ற இரண்டுக்கு மட்டும் நேரம் குறியுங்கள்.

பன்னிரண்டு கணினிகளுக்கும் ஒரே நிமிடத்தைக் குறித்ததுதான் முதல் பிழை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் இதற்கான டைமர் காலை 6, மாலை 6 என்று வைக்கப்பட்டிருந்தாலும், அதனுடன் 12 மணி நேரம் வரை முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு தாமதத்தையும் சேர்த்திருப்பது, எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் சர்வரை மொய்க்கக் கூடாது என்பதற்காகவே. நீங்களும் கணினிக்குக் கணினி நேரத்தைத் தள்ளி வையுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ அமைப்பை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் இயக்கினால், ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும். உங்கள் காலை நேர நெரிசலுக்கு இதுவே சிறந்த மருந்து.

இரவு 2 மணிச் சிக்கல் வேறு வகை. குறித்த நேரத்தில் பணிகளைத் தொடங்கிவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் கணினியை எழுப்பும் வசதி இருப்பது உண்மைதான். ஆனால் உறங்கும் கணினியைத்தான் அது எழுப்பும், அணைத்த கணினியை அன்று. அதற்குப் பதிலாக, தவறிய பணியைக் கணினி இயங்கத் தொடங்கியதும் செய்யச் சொல்லும் தெரிவை டிக் செய்யுங்கள். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் நிரல்களில், வெறும் கிரான் தவறிய வேலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அனகிரான் பார்க்கும்.

மறுதொடக்கத்துக்கு, விண்டோஸின் ‘ஆக்டிவ் அவர்ஸ்’ பகுதியில் அதிகபட்சம் 18 மணி நேரத்தை, தானாக மறுதொடக்கம் ஆகக் கூடாத வேலை நேரமாக ஒதுக்கலாம். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை அமெரிக்க நேரப்படி மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வெளியிடுவதால், மறுநாள் ஒரு கணினியில் மட்டும் நிறுவிப் பார்த்து, பிரிண்டரும் கணக்கு மென்பொருளும் ஒழுங்காக இயங்கினால், வார இறுதிக்குள் மற்றவற்றிலும் நிறுவுவது என் வழக்கம். அதற்குமேல் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை என்ற தீநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளியாகி ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

இவ்வளவும் செய்த பிறகு, இரண்டு வாரங்கள் கழித்து ஒவ்வொரு கணினியிலும் ‘அப்டேட் ஹிஸ்டரி’யைத் திறந்து கடைசித் தேதியைப் பாருங்கள். மறுதொடக்கத்துக்காகக் காத்துக்கொண்டு ஒன்றாவது அங்கே நிற்கும். பெரும்பாலும் அது, மூடியை மட்டும் மூடிவிட்டு எழுந்து போகிறவரின் லேப்டாப்பாக இருக்கும்.