மல்பரி பட்டு எங்கிருந்து வந்தது?

கேள்வி: இளம்பிள்ளையில் புடவை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன் அண்ணா. பெங்களூரு வாடிக்கையாளர்களுக்காக 140 புடவைகளுக்கு ஆங்கிலத்தில் இரண்டிரண்டு வரி விவரம் வேண்டும். கூகுள் ஷீட்டிலேயே ஏஐ எழுதித் தருமாமே? ஜிஎஸ்டியையும் அதையே போடச் சொல்லலாமா?
— வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: எழுதித் தரும் தங்கச்சி, கட்டணத் திட்டத்தில் இருந்தால். செல்லில் சமக்குறி போட்டு ஏஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்து, அடைப்புக்குறிக்குள் மேற்கோளில் நீங்கள் சொல்ல வேண்டியது, ஒரு காற்புள்ளி, அப்புறம் விவரம் இருக்கும் செல்கள். என்டர் தட்டினால் மட்டும் எழுதாது. பக்கத்தில் வரும் பொத்தானையும் அழுத்த வேண்டும்.

என் மச்சான் கடைக்கு இதைச் செய்துகொடுத்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெயர், நிறம், விலை மட்டும் கொடுத்திருந்தேன். 900 ரூபாய் ஆர்ட் சில்க்குக்கு (செயற்கைப் பட்டு) 'கையால் நெய்த அசல் மல்பரி பட்டு' என்று எழுதிவிட்டது. விசைத்தறிப் புடவை அது! வாங்கிய அம்மா, 'அசல் பட்டுக்குத் தரும் சில்க் மார்க் சீட்டு எங்கே?' என்று கேட்டுக் கூரியரில் திருப்பி அனுப்பினார். தப்பு என்னுடையதுதான். காட்டுகிற செல்களைத்தான் அது படிக்கும். இல்லாததைத் தானே இட்டுக்கட்டிக்கொள்ளும். இப்போது துணி, தறி இரண்டுக்கும் தனி நெடுவரிசை வைத்திருக்கிறேன். 'கொடுத்த விவரம் தவிர எதையும் சேர்க்காதே' என்றும் எழுதுகிறேன். 'எலகன்ட்' என்று தொடங்காதே என்றும்தான். இல்லாவிட்டால் பாதிப் புடவைக்கு அதே வார்த்தை.

அப்படியும் 140-ஐயும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். கையால் திருத்த, அந்த நெடுவரிசையை நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டிக்கு வேண்டவே வேண்டாம். மில்லில் கணக்கு எழுதியவன் சொல்கிறேன், ஒரே கேள்விக்கு இரண்டு தடவை இரண்டு பதில் சொல்பவனிடம் யாரும் பேரேட்டைக் கொடுக்க மாட்டார்கள். எக்செலுக்கு 2025 ஆகஸ்டில் இதேபோன்ற கோபைலட் ஃபங்ஷனைக் கொண்டுவந்த மைக்ரோசாஃப்ட்டே, கணக்குப் போட அதைப் பயன்படுத்தாதீர்கள் என்றது. விலை சி2-ல் இருந்தால் =சி2*5% போதும்; சி மட்டும் ஆங்கில எழுத்தில்.

பிளவுஸ் பிட் உண்டா இல்லையா என்பதற்கும் ஒரு நெடுவரிசை போடுங்கள். வாட்ஸ்அப்பில் முதலில் அதைத்தானே கேட்கிறார்கள்?